அவிழ்க்கும் வரி

எனக்கு இது சரியாக நினைவிருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. அந்த அறையில் ஒரு ஜன்னல் இருந்ததாகச் சில சமயம் தோன்றுகிறது. சில சமயம், ஜன்னலில்தான் அந்த அறை இருந்தது.

கணினியின் மைய நிரலான கெர்னலைச் சோதிக்கும் பிரிவில் எனக்கு வேலை. கணினிக்குள் நான்கு அறைகள். அவற்றில் வேலை செய்பவர்களை இழைகள் என்போம். இழைகள் அறைவிட்டு அறை ஓடிக்கொண்டே இருப்பார்கள். எங்கள் சோதனை ஓர் இழையைப் பிடித்து மூன்றாம் அறை நாற்காலியில் கட்டும். "எந்த அறை?" என்று கேட்கும். "மூணு" என்று பதில் வந்தால் பச்சை விளக்கு எரியும். கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போவோம்.

அன்று டீ குடித்துத் திரும்பியபோது, நாங்கள் கட்டிய இழையான செங்கமலம் அக்கா நாற்காலியிலேயே இருந்தார்.

"இன்னும் போகலையா அக்கா?"

"கட்டுனீங்க. அவுக்கலையே."

சோதனை நிரலைப் படித்துப் பார்த்தேன். கட்டும் வரி இருந்தது. அவிழ்க்கும் வரி இல்லை.

"சாயங்காலம் இந்த ரூமை மூடிருவாங்க," என்றார் அக்கா. " கரண்ட் மிச்சமாம். உள்ள இருக்குறவங்க அப்படியே நின்னுபோவாங்க."

"நின்னா என்ன ஆகும்?"

"நின்னவங்க யாரும் வந்து சொல்லலை தம்பி."

மேலாளர் ஞானதிரவியத்தைத் தேடிப் போனேன். நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. நான் நின்றதும் அவர் வந்து சேர்ந்தார். விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், சோதனையில பிழை."

"விளக்கு என்ன கலர்?"

"பச்சை."

"பச்சையில பிழை பாக்குற ஆளை இப்பத்தான்யா பாக்குறேன். போ, சிவப்பாக்கிட்டு வா."

ஒரு கேள்வியைச் சேர்த்தேன். "எழுந்து போக முடியுமா?" அக்கா முடியாது என்றார். விளக்கு சிவந்தது. ஞானதிரவியம் எனக்குக் கைகொடுத்தார்.

"அருமை. இனிமே திருத்தலாம்."

அவிழ்க்கும் வரியை எழுதினேன். கட்டுவதற்கு முன் எந்தெந்த அறைகளுக்குப் போக அனுமதி இருந்ததோ, அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். "எங்கெல்லாம் போகலாம்?" என்று சோதனை அக்காவிடம் கேட்டது.

"மூணாவது ரூம்," என்றார்.

கட்டிய பிறகு கேட்டால் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். கட்டும் முன்னால் நாங்கள் கேட்டிருக்கவில்லை.

"பழசு ஞாபகம் இல்லையாக்கா?"

"ஓடுனது ஞாபகம் இருக்கு. எங்கேன்னு நீங்கல்ல கேட்டு வச்சிருக்கணும்?"

அறையின் மூலைகள் ஒவ்வொன்றாக இருட்டின. ஞானதிரவியத்தைப் பார்த்தேன்.

"என்னை ஏன்யா பாக்குற? இந்த விளக்கைத் தாண்டி எனக்கே அனுமதி கிடையாது."

என்னிடம் எல்லா அறைகளுக்கும் அனுமதி இருந்தது. எடுத்து அக்காவிடம் நீட்டினேன். வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவு கனமில்லை. மூன்றாம் அறைக்கு மட்டுமான அவருடைய அனுமதி என்னிடம் வந்தது.

"அப்ப நீ?"

"மூடுன பிறகு உள்ள எப்படி இருக்கும்னு பாக்கணும்க்கா."

"லூசாப்பா நீ?" என்றார். அதைச் சொல்லும்போதே பாதி தூரம் ஓடியிருந்தார்.

சோதனை இப்போது கட்டுவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்கிறது. ஞானதிரவியம் விளக்கோடு இருக்கிறார். செங்கமலம் அக்கா ஒன்று, இரண்டு, நான்காம் அறைகளில் ஓடுகிறார். மூன்றாம் அறையை மூடிவிட்டார்கள். நான் அதில் நின்றிருக்கிறேன்.