தொடக்கூடாத புழுக்கள்

"கீ... கீ... கீ!"

வெப்பப் பெட்டியின் அலாரம் அலறியதும் ஆராய்ச்சியாளர் சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டு எச்சில் கையோடு ஓடினார். பெட்டிக்குள் இருந்த புழுக்களை நம்பித்தான் அவர் பிழைப்பே இருந்தது.

பழைய தோலை உதறச் சொல்லி உத்தரவு போடும் ஹார்மோனின் மரபணுவை அவர் ஊசி போட்டு அடக்கியிருந்தார். அது அடங்கினால், உள்ளே புதுத் தோல் தயாராக இருந்தும் புழு பழைய சட்டைக்குள்ளேயே சிக்கிச் சாக வேண்டும். ஆனால் போன தடவை பாதிப் புழுக்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஜம்மென்று இலை தின்றுகொண்டிருந்தன.

"அடங்காதது மரபணுவா, நீயாய்யா?" என்று துறைத்தலைவர் காலையில்கூடக் கிண்டலடித்தார். "இந்தத் தடவையும் சொதப்பினே, கடையைக் கட்டிட வேண்டியதுதான்."

ஓடிப்போய்ப் பார்த்தால் பெட்டியின் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. முன்னால் அவர் மனைவி. அங்கேயே புழு வளர்ப்பவள். குறைமாதத்தில் பிறந்த மகளைப் பறிகொடுத்த பிறகு, வீட்டுச் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் போன மாதம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். இப்போது ஈரத் தூரிகையால் ஒரு புழுவின் பழைய தோலைத் தலையிலிருந்து மெல்ல உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"முடிஞ்சிடுச்சுங்க. வால்ல மட்டும் மாட்டிக்கிட்டிருக்கு."

"போன தடவையும் நீதானா?"

தலையசைத்தாள்.

"என் வயித்துல அடிச்சிட்டியேடி! சாக வேண்டியது செத்தாத்தானே அந்த மரபணுவோட வேலை என்னன்னு தெரியும்? தோலுரிக்கிற புழுவைத் தொடாதேன்னு புதுசா வர்றவங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவளே நீதானே! உனக்கே அது மறந்துபோச்சா?"

அவள் நிமிரவில்லை. வாலையும் விடுவித்தாள். கசங்கி வெளுத்திருந்த புழு அவள் நகத்தின் மேல் தள்ளாடி ஊர்ந்தது. அதை இலையில் இறக்கிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அலாரம் நின்றது.

"மறக்கலீங்க. ஆஸ்பத்திரியிலயும் அதைத்தானே சொன்னாங்க? 'கண்ணாடிக்கு வெளியில நின்னு பாரும்மா, தொட்டா அதுக்கு ஆகாது'ன்னு. நானும் சொன்ன பேச்சைக் கேட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன்... உயிரோட இருந்த நம்ம பொண்ணை நான் ஒரு தடவைகூடத் தொடலீங்க."