தூங்காத கார்

அந்த வாரத்தில் மூன்றாவது முறையாகக் கார் செத்துக் கிடந்தது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் 'டிக்' என்ற சத்தத்தைத் தவிர வேறொன்றுமில்லை. அவள் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கும் செவிலி. நான்கு ஊர் தள்ளி ஒருத்திக்கு நாள் நெருங்கியிருந்தது. எந்த நேரமும் போன் வரலாம்.

"புது பேட்டரி வாங்கிப் போட்டுட்டா போச்சு. எதுக்கு எலக்ட்ரீஷியனெல்லாம்?" என்றான் கணவன்.

"போன மாசம் போட்டது புதுசு இல்லாம என்னவாம்?"

அவன் உள்ளே போய்விட்டான்.

காலை எட்டு மணிக்கு எலக்ட்ரீஷியன் வந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் 'மீட்டர் அண்ணன்'. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினார். பிறகு அதன் கறுப்பு வயரைக் கழற்றி, இடையில் கரண்டை அளக்கும் தன் மீட்டரைக் கோத்தார். டிரைவர் பக்கக் கதவைத் திறந்துவைத்து, அதன் கொண்டியை மட்டும் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பூட்ட வைத்தார். கதவு மூடியிருப்பதாகக் கார் நம்பிக்கொண்டது.

"இனி அரை மணி நேரம் யாரும் தொடக் கூடாது. கார் தூங்கணும். எல்லாம் அடங்கினாத்தான் எது கரண்டைத் திருடுதுன்னு தெரியும்."

"அரை மணி நேரமா?"

"கைக்குழந்தை மாதிரிதாம்மா. லேசில தூங்காது."

அவள் வாசலுக்கும் காருக்குமாக நடந்தாள். போனைப் பார்த்தாள். மறுபடி நடந்தாள். மீட்டரில் எண்கள் குதித்தன.

"உங்ககிட்ட சாவி இருக்கா?"

"இருக்கு."

"அதான். சாவி பக்கத்துல வந்தாலே முழிச்சுக்குது. முதல்ல அதை உள்ள கொண்டுபோய் வைங்க."

வைத்துவிட்டு வந்தாள். உட்கார முடியவில்லை. நகத்தைக் கடித்தாள். சமையலறை ஜன்னலில் கணவனின் முகம் இரண்டு தடவை வந்து மறைந்தது.

அரை மணி நேரம் கழித்தும் மீட்டர் அரை ஆம்பியருக்கு மேலேயே நின்றது. "இதுல பத்துல ஒரு பங்குகூட இருக்கக் கூடாது. எதுவோ உக்காந்து உறிஞ்சுது" என்ற அண்ணன், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மீட்டரைப் பார்த்தார். ஹாரன், எண் அசையவில்லை. உள்விளக்கு, அசையவில்லை. ரேடியோவின் ஃபியூஸைப் பிடுங்கியதும் எண் சரசரவென்று இறங்கியது.

"மாட்டுச்சுடா!"

ரேடியோவை வெளியே இழுத்தார். பின்னால், வயரோடு வயராக டேப் சுற்றித் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. தொட்டால் சுட்டது.

"இது காரோட வந்தது இல்லம்மா. கார் எங்க போகுதுன்னு போனுக்குச் சொல்ற சாமான். கெட்டுப்போய்க் கரண்டைக் குடிச்சிட்டிருக்கு." கொஞ்சம் தயங்கினார். "நீங்க வச்சதா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். கணவன் வாசலில் நின்றிருந்தான். கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"அன்னைக்கு மழையில கார் பள்ளத்துல இறங்கினப்போ நாலு மணி நேரம் உன் போன் கிடைக்கல" என்றான். "நான் எங்கெல்லாம் தேடினேன் தெரியுமா? அப்புறம்தான் இதை வச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வேண்டாம்னு சொல்லியிருப்ப."

"அது தெரிஞ்சுதானே வச்சிருக்க?"

அவன் தலை கவிழ்ந்தது. மீட்டர் அண்ணன் ஃபியூஸ்களைத் திருப்பிச் செருகுவதில் மும்முரமானார்.

"அண்ணே, அதை வெட்டிடுங்க" என்றாள்.

அவர் வெட்டி முடிப்பதற்குள் போன் அடித்தது. அந்தப் பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது, பனிக்குடமும் உடைந்துவிட்டது. பையையும் சாவியையும் எடுக்க உள்ளே ஓடினாள். கதவின் கொண்டியை விடுவித்து, பேட்டரி வயரை முடுக்கிவிட்டு அண்ணன் நகர்ந்ததும் கார் முதல் அழுத்தலிலேயே உறுமியது. கணவன் எதுவோ சொல்ல வாயெடுத்தான். அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

பிற்பகலில் குழந்தை பிறந்தது. பெண். கைகளைக் கழுவிவிட்டுக் காரில் வந்து உட்கார்ந்தபோதுதான் கோபமெல்லாம் மொத்தமாக மேலேறியது. அழுதாள். கூடவே, மழையில் அவன் தன்னைத் தேடி அலைந்த அந்த நாலு மணி நேரத்தையும் நினைத்தாள். மன்னிக்க மனம் வரவில்லை. ஆனாலும் அவனைக் கூப்பிட்டாள்.

"வர்றேன். இதைப் பேசித் தீர்க்காம இன்னைக்கு யாரும் படுக்கப் போறதில்ல."

"சரி" என்றான் அவன். எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை.