எங்கை என்று கேட்கக் கூடாது

மெக்சிக்கோ போவதில் ஜெராட்டுக்குச் சிரமமாக இருந்தது ஆகாயம் அல்ல, வீட்டுப் படிக்கட்டு.

மொன்றியலின் வில்லரேயில் அவர்கள் குடியிருந்தது மேல்வீடு. தெருவிலிருந்து சுருண்டு ஏறும் இரும்புப் படிக்கட்டு வெளிப்பக்கம். பெப்ரவரிப் பனி அதில் கண்ணாடியாக உறைந்து கிடந்தது. அன்று காலை ஒரு பூனை அதில் ஏறத் தொடங்கி, கீழே நின்ற காருக்கு அடியில் போய் ஏறி முடித்ததை ஜெராட் கண்ணால் கண்டவன். அந்தப் படியால்தான் இரண்டு சூட்கேஸ், இரண்டு பிள்ளைகள், ஒரு மாமனார் எல்லாவற்றையும் இறக்க வேண்டியிருந்தது. பெரிய சூட்கேஸில் மனைவி பிரியந்தி தன் தங்கைக்காகப் பயற்றம் பணியாரம் அடுக்கியிருந்தாள். அதை வெளியே எடுத்ததும் வீடு ஒரு விரற்கடை உயர்ந்ததாகக் கீழ்வீட்டு மடாம் இன்றைக்கும் சொல்லுவாள். அவளுடைய கதவு அதற்குப் பிறகுதான் உரசாமல் பூட்டுகிறதாம்.

தங்கை அஜிதாவுக்கு மறுநாள் காலை கலியாணம். மெக்சிக்கோவில், கடற்கரையோரம், மாப்பிள்ளையின் ஊர்க் கோயிலில். தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு பீடம் வரைக்கும் நடக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அன்றைய பின்னேர விமானத்தை விட்டால் அடுத்தது கலியாணம் முடிந்து, கேக்கும் முடிந்த பிறகுதான். ஆகவே ஜெராட்டுக்கு வேலை ஒன்றே ஒன்று. மாமனார் நீக்கிலாப்பிள்ளையை அந்த விமானத்தில் ஏற்றிவிட வேண்டும். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுவதுதான் அவன் தொழிலும். ஆனால் பெட்டிகள் பாதியில் திரும்பி நடப்பதில்லை.

எல்லாரும் கீழே இறங்கியாயிற்று. மடாம் பனி அள்ளிக்கொண்டு நின்றவள் மண்வெட்டியில் சாய்ந்து சிரித்தாள்.

"பொன்ஜூர்! வூ பார்த்தே ஊ?"

நீக்கிலாப்பிள்ளை நின்றார். முப்பது வருடம் மொன்றியலில் இருந்து அவர் படித்த பிரெஞ்சு மூன்று சொல். பொன்ஜூர், மெர்சி, ஊ. 'ஊ' என்றால் எங்கே.

"கேட்டுப்போட்டாள்," என்றார். திரும்பிப் படியேறத் தொடங்கினார்.

வெளிக்கிடுகிற ஆளைப் பார்த்து எங்கை போறியள் என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் பாழ். கேட்காமல் இருக்க முடியாவிட்டால் 'தூரமோ?' என்று கேட்கலாம். தவறி யாரும் கேட்டுவிட்டால் திரும்பிப் போய், இருந்து, தண்ணீர் குடித்து, புதிதாக வெளிக்கிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் இது தெரியாதவர் இல்லை. மொன்றியலில் இதைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் நீக்கிலாப்பிள்ளை ஒருவர்தான்.

"மாமா, அவ வெள்ளைக்காரி. அவவுக்கு உது தெரியாது."

"பாம்புக்கும் தெரியாது தம்பி. கடிச்சா விசம் ஏறாதோ?"

"அப்பா, பெட்டியளையும் ஏத்த வேணுமோ?" என்று பிரியந்தி பல்லைக் கடித்தாள்.

"பெட்டி இல்லாமல் வெளிக்கிட்டா அது பயணமோ பிள்ளை? அது உலாத்து."

பெட்டிகளும் ஏறின. எல்லாரும் வரிசையாக சோபாவில் இருந்தார்கள். எல்லாரும் தண்ணீர் குடித்தார்கள். ஆறு வயது மிதுசன் ஒரு தம்ளர், மூன்று வயது எலோடி ஒரு தம்ளர். உடம்பு முழுக்க மூடும் ஸ்னோசூட்டுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பது எப்படிப்பட்ட வேலை என்பது அந்த ஊரில் பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். படியின் நடுவில் எலோடி சொன்னாள்:

"அம்மா, பிப்பி."

மறுபடி மேலே, கழிப்பறைக்கு. சப்பாத்து, கையுறை, தொப்பி, ஸ்னோசூட், அதற்குள் சுவெட்டர், அதற்குள் இன்னொன்று. உரிக்க உரிக்கப் பிள்ளை வந்தபாடில்லை. ஒரு கட்டத்தில் உள்ளே எலோடிதான் இருக்கிறாளா என்று பிரியந்திக்கே ஐயம் வந்தது.

திரும்பக் கீழே இறங்கியபோது டாக்சி வந்து நின்றது. சாரதி கண்ணாடியை இறக்கி, நல்ல மனிதன், தன் தொழிலுக்கு வேண்டியதைக் கேட்டான்.

"ஊ?"

நீக்கிலாப்பிள்ளை திரும்பினார். படியைப் பார்த்தார்.

"இஞ்சருங்கோ," என்றாள் பிரியந்தி புருஷனிடம், "டாக்சிக்காரன் கேக்காமல் எப்பிடியப்பா ஓடுவான்? உங்களுக்கு முன்னுக்கு ஓடிப்போய்ச் சொல்ல வாய் இல்லையோ?"

எல்லாரும் மறுபடி ஏறி, தண்ணீர் குடித்து இறங்குவதற்குள் அந்த டாக்சி போய்விட்டது. அடுத்த டாக்சிக்கு ஜெராட் தெருமுனை வரை ஓடிப்போய், சாரதியிடம் கைகூப்பி, விமான நிலையம், ஆனால் தயவுசெய்து எதுவும் கேட்காதே என்று சொன்னான். அந்த மனிதன் குடும்பத்தைப் பார்த்தான், கறுத்தக் கோட்டுப் போட்ட கிழவரைப் பார்த்தான், என்ன விளங்கிக்கொண்டானோ, வானொலியை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, மரண ஊர்வலத்துக்கு ஓட்டுகிற மாதிரி ஓட்டினான். வழியில் மற்ற வாகனங்கள் ஒதுங்கி நின்றன. அதனால் நேரம் மிச்சம்.

டோர்வலில் இறங்கியபோது காற்று கட்டட மூலையில் சுழன்று அடித்தது.

"ஊஊ…" என்றது.

நீக்கிலாப்பிள்ளை நின்று காது கொடுத்தார்.

"அது காத்து, மாமா!"

"காத்துத்தான். நானும் அப்பிடித்தான் நினைச்சன்," என்றார். ஆனால் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம். ஜெராட் அதைக் கவனித்துவிட்டான்.

உள்ளே, பயணச்சீட்டுப் பார்க்கும் பெண் மிகவும் மரியாதையான பிள்ளை. முதலில் பிரெஞ்சில், பிறகு ஆங்கிலத்தில், இன்றைக்கு எங்கே பயணம் என்று கேட்டாள். ஜெராட் "மெக்சிக்கோ!" என்று கத்தியதில் பக்கத்து வரிசையில் குழந்தை ஒன்று அழத் தொடங்கியது. அவன் திரும்பிப் பார்த்தபோது மாமனார் தானியங்கிக் கதவு தாண்டி வெளியே, பனிக்குள், தள்ளுவண்டி ஒன்றில் ஏறி இருந்துகொண்டு தண்ணீருக்குக் காத்திருந்தார்.

போத்தல் வாங்கிக்கொண்டு ஓடினான். பெரிய போத்தல்தான் இருந்தது. கிழவர் ஒரு வாய் குடித்தார். மிச்சத்தைப் பாதுகாப்புச் சோதனையில் உள்ளே விடமாட்டோம் என்றார்கள்.

"தண்ணியை ஊத்தக் கூடாது," என்று நீக்கிலாப்பிள்ளை போத்தலைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்தார்.

"அம்மப்பா, நான் கமெல் இல்லை!" என்றான் மிதுசன், ஒட்டகத்தைச் சொல்லி. குடித்தும் முடித்தான்.

விமானவாசலுக்குப் பக்கத்தில் வந்து இருந்தபோதுதான் ஜெராட்டுக்கு அது பொறி தட்டியது. போன கிழமை, இதே மனிதர், புரோசார்ட்டில் கூட்டாளி யோசெப் வீட்டுக்குக் காட்ஸ் விளையாடப் புறப்பட்டார். இதே மடாம் இதே 'ஊ' கேட்டாள். கிழவர் நின்று, புரோசார்ட் எங்கே இருக்கிறது, யோசெப் எப்படிப்பட்ட கள்ளன், சீட்டை எந்தக் கைக்குள் ஒளிப்பான் என்றெல்லாம் தமிழிலேயே விளங்கப்படுத்திவிட்டுத் துள்ளிக்கொண்டு பஸ் ஏறினார். தண்ணீர் என்ற பேச்சே இல்லை.

அவன் பக்கத்தில் போய் இருந்தான்.

"மாமா, யோசெப் அண்ணை வீட்டை போகேக்குள்ள மடாம் கேட்டவவெல்லே?"

நீக்கிலாப்பிள்ளை கண்ணாடிக்கு வெளியே பனியைப் பார்த்தார். "அது கிட்டத்துப் பயணம்."

"உங்களுக்கு இந்தக் கலியாணத்துக்குப் போக விருப்பமில்லையோ?"

"மாப்பிள்ளையின்ர பேர் என்ன தம்பி?"

"ஹெசூஸ்."

"அப்பிடியெண்டா?"

"…யேசு."

"பாத்தியோ? நான் ஆண்டவரை 'வாரும் மருமோன்' எண்டு கூப்பிடுறதோ? 'நீ சாப்பிட்டியோ' எண்டு கேக்கிறதோ? செபத்துக்கு முழங்காலிலை நிக்கேக்குள்ள ஆர் முகம் வரும் சொல்லு."

"அது அங்க எல்லாருக்கும் வைக்கிற பேர் மாமா. எங்கட ஆக்கள் அந்தோனி எண்டு வைக்கிறமெல்லே?"

"அந்தோனியார் வேற. அவர் துலைஞ்ச சாமான் தேடிக் குடுக்கிற ஆள். அவரோட கதைக்கலாம்."

எலோடி வந்து கிழவரின் மடியில் ஏறினாள். ஏறினாள், இறங்கினாள், கதிரைக்கு அடியில் போனாள், வேறு ஒருவரின் பையைத் திறந்தாள், திரும்பி வந்து ஏறினாள். கிழவர் அவளுடைய தொப்பிக் குஞ்சத்தை முறுக்கிக்கொண்டு இருந்தார். குரல் இறங்கியது.

"பேர் கிடக்கட்டும். அவள் ரெலிபோன் எடுத்துச் சொன்னாள், அப்பா எனக்குக் கலியாணம், இன்ன திகதி, ரிக்கெற் போட்டாச்சு எண்டு. சொன்னாள். கேக்கேல்லை. கேக்கக் கூடாததை ஊரெல்லாம் கேக்குது. கேக்க வேண்டியதை அவள் கேக்கேல்லை."

விமானத்தில் ஏறுகிறவர்களை அழைக்கத் தொடங்கினார்கள். வரிசை எழுந்தது. நீக்கிலாப்பிள்ளை எழவில்லை.

"நீங்கள் போட்டு வாங்கோ," என்றார். "நான் மெற்றோவிலை போறன்." டோர்வலுக்கு மெற்றோ கிடையாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"பாப்பா, பிப்பி," என்றான் மிதுசன் தகப்பனிடம்.

ஜெராட் மகனைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினான். ஒரு கையால் ஸ்னோசூட்டின் சிப்பை இழுத்து, மறு கையால் அஜிதாவை அழைத்தான். சிப் பாதியில் சிக்கியது. மறுபக்கத்தில் அலை இரைந்தது.

"அஜி, இப்பவே கொப்பாவுக்கு எடு. சொல்லாதை, கேள். விளங்குதோ? கேள்! கையைப் பிடிச்சுக்கொண்டு நடக்க வாறீங்களோ எண்டு கேள். ஆனா அந்த ஒரு சொல் மட்டும் வாயிலை வரக் கூடாது."

"எந்தச் சொல் அத்தான்?"

"பாப்பா, வந்திட்டுது!" என்றான் மிதுசன்.

ஸ்னோசூட்டைப் பற்றி இதற்குமேல் எழுதுவதற்கில்லை.

அவன் திரும்பி ஓடிவந்தபோது பிரியந்தி தகப்பனின் காதருகே போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். வரிசை ஏறக்குறைய முடிந்திருந்தது. அஜிதாவின் குரல் படபடவென்று வந்தது.

"அப்பா! எங்க…"

பிரியந்தி கண்ணை மூடி மாதாவைக் கூப்பிட்டாள். கிழவரின் கை அடுத்த கதிரையில் இருந்த தொப்பியை நோக்கி நகர்ந்தது. அந்த நேரத்தில் நிலையம் முழுவதிலும் ஒரு பெட்டிகூட உருளவில்லை என்று ஜெராட் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவான்.

"எங்க… எங்கட அப்பாதானே கதைக்கிறது?" என்றாள் அஜிதா. மூச்சு வாங்கினாள். "வெளிக்கிட்டாச்சோ அப்பா? தூரமோ?"

தொப்பியை நோக்கிப் போன கை நின்றது.

"ஓம் பிள்ளை," என்றார் நீக்கிலாப்பிள்ளை. "கொஞ்சம் தூரந்தான்."

"அப்பா, நான் ஒண்டு கேக்க வேணும். முதலே கேட்டிருக்க வேணும். நாளைக்கு என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கோயிலுக்குள்ள வருவீங்களோ? நீங்கள் வராட்டி நான் நடக்கேல்லை. வாசல்லயே நிப்பன்."

கிழவர் தொண்டையைச் செருமினார். பனியைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார், கடைசியாக மருமகனை ஒரு மாதிரிப் பார்த்தார். உன்ர வேலைதானே என்ற பார்வை.

"உதைக் கேக்க வேணுமே விசரி," என்றார். "வேற ஆர் வாறது?"

எழுந்து வரிசைக்கு நடந்த வேகத்தில் மற்ற நால்வரும் பின்னால் ஓட வேண்டியிருந்தது. சூட்கேஸ்களை ஏற்றியதைவிட அந்த மனிதரை ஏற்றியதில் தனக்கு முதுகு நொந்ததாக ஜெராட் உணர்ந்தான்.

இருக்கையில் அமர்ந்து பட்டி கட்டியதும் நீக்கிலாப்பிள்ளை அவன் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, அந்தப் பொடியனை 'ராசா' எண்டு கூப்பிட்டா என்ன?"

"நல்லது மாமா."

கொஞ்சம் யோசித்தார். "இல்லை. ராசா எண்டாலும் ஆண்டவர்தானே." பிறகு, "தம்பி எண்டு கூப்பிடுறன். உன்னையும் அப்பிடித்தானே சமாளிக்கிறன்."

விமானம் மெல்ல நகர்ந்தது. மிதுசன் மாற்று உடுப்போடு ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு, காலையிலிருந்து ஒருவரும் தனக்குச் சொல்லாத ஒன்றைக் கேட்டான்.

"அம்மப்பா, நாங்கள் எங்கை போறம்?"

விமானம் நின்றது. பிறகு ஓடுபாதைப் பக்கம் போகாமல் திரும்பி, ஒரு மூலைக்கு ஊர்ந்து போய் நின்றுகொண்டது. இரண்டு பக்கமும் உயரமான வண்டிகள் வந்து, இறக்கையில் ஒட்டிய பனி கரையட்டும் என்று குழாயால் சூடான திரவத்தைத் தலை முதல் வால் வரை பாய்ச்சின. குளிர்காலத்தில் மொன்றியலிலிருந்து பறக்கும் விமானத்துக்கு இது வழமைதான் என்று ஜெராட்டுக்குத் தெரியும். நாள்தோறும் பார்க்கிறவன். ஆனால் அதை இப்போது சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

நீக்கிலாப்பிள்ளை ஜன்னலைச் சுட்டிக்காட்டினார். "பாத்தியே? பிளேனுக்குத் தெரிஞ்சிருக்கு. இருந்து, தண்ணி குடிச்சுப்போட்டு வெளிக்கிடுது. இனிப் பயமில்லை."

பட்டியைக் கழற்ற வேண்டாம் என்று விளக்கு எரிந்தது. விமானம் இரைந்துகொண்டு ஓடத் தொடங்கியது.

"அம்மா," என்றாள் எலோடி.