பகலவனின் நாக்கு

...பேச்சு டெஸ்ட் எடுக்கும் அந்த மேடம் வாழைப்பழத்திலேயே ஆரம்பித்திருக்க வேண்டாம். கத்தரிக்காய், தக்காளி, பந்து என்று மேசைமேல் எத்தனை படம் கிடக்கிறது, எடுத்த எடுப்பில் வாழைப்பழத்தைக் காட்ட, ஐந்து வயது ஷாலு கொஞ்சமும் யோசிக்காமல் "வாயப்பயம்" என்றாள், அடுத்து மழை, "மய", அடுத்து கோழி, "கோயி"... ஒவ்வொன்றுக்கும் மேடத்தின் பேனா ஒரு பெருக்கல் குறி போட்டது. பகலவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து காலை ஆட்டினான், நிறுத்தினான், மறுபடி ஆட்டினான். மகளுக்கு நாக்கில் குறை ஒன்றும் இல்லையென்று ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கி வந்தால்தான் ஜூனில் ஒண்ணாம் வகுப்பு என்று பள்ளிக்கூடத்து மிஸ் கறாராகச் சொல்லிவிட்டாள். குறையா? வியாசர்பாடியில் எந்த வீட்டுக்குப் போய்க் கேட்டாலும் இதே மய, இதே கோயி, அப்படியானால் ஊருக்கே நாக்கில் குறையா? தண்டையார்பேட்டை குடோன் ஆபீஸில் இவனுக்கு மேலே இருக்கும் மனோகரன் சார் மதுரைக்காரர், வாளப்பளம் என்பார், கோளிக்குளம்பு என்பார், ஊர் மணம் மாறவே இல்லை சார் என்று எல்லாரும் ரசிப்பார்கள். இவன் கிளார்க்காகச் சேர்ந்த புதிதில், தொண்ணூற்று மூன்றில், வாய் தவறி "மய வருது சார்" என்றதற்கு ஒரு வாரம் சிரித்தார்கள், ரிக்‌ஷாவை எங்கே நிறுத்தியிருக்கிறாய் என்று கேட்டார்கள்... அன்றைக்குப் பிடித்த வைராக்கியம். கதவைச் சாத்திக்கொண்டு மழை, கிழமை, தாழ்ப்பாள் என்று நாக்கை மடித்து மடித்து, தொண்டை வறளும்வரை சொன்னான். "உள்ள யாராண்ட பேசிகினு கீற?" என்று ராஜாத்தி கதவைத் தட்டுவாள், பாவம், கட்டிக்கொண்ட புதிது. ஷாலு பிறந்தபின் வீட்டிலும் ஆபீஸ் பேச்சுதான், பிள்ளை கேட்டுப் பழகட்டும் என்று. பிள்ளை பழகியதென்னவோ அம்மாவிடமும் தெருவிடமும்தான்.

"சார், இதை நீங்க சொல்லுங்க," மழைப் படம் இவன் பக்கம் திரும்பியது. "வீட்ல பேச்சே அப்படித்தான்னா வட்டார வழக்குன்னு எழுதிடுவேன், குறை இல்ல. நீங்க சரியா சொல்லி, பாப்பாவுக்கு மட்டும் வரலைன்னா வேற டெஸ்ட் எடுக்கணும்." ஒரே ஒரு வார்த்தை. மழை என்றால் மேடம் மெச்சிக்கொள்வாள், குறை பிள்ளை தலையில் விழும். மய என்றால் பத்து வருஷப் பாடு இந்த அறையிலேயே போய்விடும், அந்தக் கண் இவனையும் ஒரு மாதிரி பார்க்கும், பார்த்தால் பார்க்கட்டுமே, பெற்ற பிள்ளையைவிட இது பெரிதா, சொல்லித் தொலையேன்டா... கண்ணை மூடிக்கொண்டு "மய" என்றான். சொன்னவனுக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆபீஸில் இவனைக் கிண்டல் செய்ய இழுத்து இழுத்துச் சொல்வார்களே, அச்சு அசல் அதே மய. எங்கே போனது தன் நாக்கு, எப்போது போனது?

ஷாலு கைகொட்டிச் சிரித்தாள். "இன்னா நைனா, எங்கள மாரி பேசிக் காட்றியா?"

மேடத்தின் பேனா தாளுக்கு மேலேயே நின்றது. "இல்ல மேடம், நெசமாவே நானும்..." என்று ஆரம்பித்த பகலவன், மிச்சத்தை எந்தப் பேச்சில் சொல்வதென்று தெரியாமல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டான்.