கழித்துப்போட்ட முகங்கள்

முகப்படங்களில் கண் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் மென்பொருளைச் சோதிப்பதுதான் அவளுடைய வேலை. கண்ணைக் கண்டால் அது பச்சை வட்டம் போடும். கண்ணாடி போட்டவர்களும் இமை தொங்கியவர்களும் வந்துவிட்டால், மூக்குத் துவாரத்தில் போட்டுத் தொலைக்கும். இன்று காலையில் வந்து பார்த்தால் அந்த மாதிரிப் படம் ஒன்றுகூட இல்லை. சோதனைக்கென்று அவள் கெஞ்சி வாங்கி வந்த அக்காவின் படமும் போயிருந்தது. அக்காவுக்கு ஒரு பக்க இமை தொங்கும்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக மேலாளர் அறைக்குப் போனாள்.

"படத்தையெல்லாம் யார் சார் தூக்கினது?"

"நான்தாம்மா. எல்லாம் கெட்ட படம். இப்ப பாரு, நூத்துக்கு நூறு வருது."

"கெட்ட படமா? அது எங்க அக்கா மூஞ்சி சார்! பொறந்ததுலேருந்து அவ அப்படித்தான் இருக்கா. கண்டுபிடிக்கத் துப்பில்லாதது உங்க சாஃப்ட்வேர், பழி மட்டும் அவ மேலயா?"

"விடும்மா, இதைப் போய்ப் பெரிசு பண்ணிக்கிட்டு" என்று மேலாளர் தன் தடித்த கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சிரித்தார்.

அந்த மென்பொருளோடு இணைத்து மேசைமேல் வைத்திருந்த கேமராவை அவள் அவர் பக்கம் திருப்பினாள். திரையில் அவருடைய மூக்கில் இரண்டு பச்சை வட்டங்கள் பளிச்சென்று விழுந்தன.

"இப்ப உங்களையும் தூக்கிடவா சார்?"