ஏழாம் எண்ணின் வருகை

எங்கள் சின்னக் கலைக் கல்லூரியின் ஐம்பதாம் ஆண்டு விழாக் கண்காட்சியில், நூலகரான நான் முதல் வருகைப் பதிவேட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். பழைய ஏட்டில் யாராவது பேனா வைத்தால் சாமியாடிவிடுவேன். அன்று காலையில்தான், தேதி ஒன்றைத் திருத்த வந்த பேராசிரியரை விரட்டியிருந்தேன்.

முதல் ஆண்டில் படித்த அம்மாள் ஒருவர் ஊன்றுகோலோடு வந்தார். தொடக்க நாள் பக்கத்தில் தன் எண்ணைத் தேடினார். மொத்தமே பதினொரு பேர். அவருக்கு மட்டும் சிவப்பு மையில் 'ஆப்சென்ட்'.

"அன்னைக்கு நான் வந்திருந்தேம்மா," என்றார். "எங்கப்பா இங்க சமையல்காரர். விருந்தாளிங்களுக்கு டீ கொடுக்க ஆள் போதலைன்னு, என்னை வகுப்புல இருந்து எழுப்பிக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

பக்கத்தில் நின்ற முதல்வருக்குச் சங்கடம். "என்ன செய்யறது? நீங்கதான் இதைத் தொடவே விடமாட்டீங்களே," என்றார் என்னிடம்.

நான் பெட்டியைத் திறந்து பதிவேட்டை வெளியே எடுத்தேன்.

"எண் ஏழு!"

அந்த அம்மாள் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"உள்ளேன் ஐயா!"

முதல்வரின் சட்டைப் பையிலிருந்த பேனாவை நானே உருவினேன்.