ஜாஸ்பரின் மூன்றாவது கம்பி

என் தம்பி ஜாஸ்பரின் எலெக்ட்ரிக் கிட்டாரில் மூன்றாவது கம்பி மட்டும் சுதியில் நிற்கவே மாட்டேன் என்றது. மறுநாள் ஞாயிறு, அவனுடைய முதலாமாண்டு நினைவுத் திருப்பலி. நற்கருணைப் பாட்டுக்கு அவன் கிட்டார் சத்தம் கோயிலில் கேட்க வேண்டும் என்று அம்மா பாடகர் குழுவில் சொல்லி வைத்துவிட்டாள். வாசிக்கப் போவது நான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். கொட்டிவாக்கத்தில் அவன் பைக்கை லாரி அடித்ததிலிருந்து எல்லாரிடமும் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அழவுமில்லை. அடக்கத்தன்று வந்தவர்களுக்கெல்லாம் காபி கலந்து கொடுத்தேன். மந்தைவெளி அத்தை 'கல்நெஞ்சுக்காரி' என்றது காதில் விழுந்தது. அதற்கும் எனக்குக் கோபம் வரவில்லை.

அம்மா வேறு மாதிரி. அவன் படத்தைச் சுவரில் மாட்டவே விடவில்லை. "படத்துக்கு மாலை போட்டா செத்துட்டான்னு ஆயிடும்" என்பாள். மாமா ஃப்ரேம் போட்டுக் கொண்டுவந்து, ஆணியும் அடித்துவிட்டுப் போன படம் பீரோவில் அவளுடைய பழைய சேலைக்குள் கிடந்தது. ஆணியில் காலண்டர் தொங்கியது. பூவெல்லாம் கிட்டாருக்குத்தான். தினமும் லஸ் கடைத்தெருவில் முல்லைச்சரம் வாங்கிவந்து கிட்டாரின் தலையில் சுற்றுவாள். மத்தியானம் வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளிப்பாள்.

கம்பி விஷயத்தைப் போனில் சொன்னதும் சனிக்கிழமை காலை யாசிர் வந்தான். ஜாஸ்பரோடு சேர்ந்து வாசித்தவன், இப்போது பெருங்குடியில் ஐ.டி. வேலை. அம்மா பூ வாங்கப் போயிருந்தாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். தப்பு கம்பி மேலயா, உன் கை மேலயா அக்கா?"

"நீயே பாரேன்."

முந்தின நாள் சரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, போனில் சுதி பார்க்கும் ஆப்பைத் திறந்தான். கிட்டாரின் தலையில் கம்பியை முறுக்கும் கீயைத் திருகினான். முள் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினான். 'டிங்' என்று ஒரு சத்தம், முள் ஒரேயடியாகத் தாண்டிப் போய்விட்டது. கீ தளர்ந்திருக்கும் என்று பின்னால் ஸ்க்ரூவை முடுக்கினான். அதே டிங்.

"கீ நல்லாத்தான் கீது. கம்பி சுத்தினதும் சரியா கீது" என்றவன், கழுத்து முடியும் இடத்தில் கம்பிகள் உட்காரும் வெள்ளைப் பட்டைக்கும் கீக்கும் நடுவில் விரலால் கம்பியை அழுத்தினான். மறுபடி டிங். "இங்கதான்க்கா மாட்டிக்கினு கீது."

கம்பியைத் தளர்த்தி அந்தப் பட்டையின் பள்ளத்திலிருந்து தூக்கினான். உள்ளே பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது. ஊசியால் நெம்பினால் ஒரு துணுக்கு வாழைநார், மக்கிப்போன முல்லை இதழ், துரு. யாசிர் மேஜைமேல் கிடந்த சரத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ஆன்ட்டிகிட்ட நான் சொல்ல மாட்டேன்பா. நீயே சொல்லிக்கோ."

கம்பிகள் எல்லாவற்றையும் கழற்றினான். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நூல் விட்டு இழுத்துப் பள்ளங்களைச் சுத்தம் செய்தான். கம்பி வழுக்கி ஓட வேண்டும் என்று பென்சிலால் உள்ளே கறுப்பாகத் தீட்டினான். வரும்போதே தி.நகரில் வாங்கிவந்த புதுக் கம்பிகளை மாட்டி, ஒவ்வொன்றையும் இழுத்து இழுத்துவிட்டு மறுபடி சுதி சேர்த்தான். கழற்றிய கம்பிகள் என் மடியில் கிடந்தன. ஜாஸ்பர் கடைசியாகத் தொட்ட கம்பிகள் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்குள் ஒன்றும் அசையவில்லை. விரலில் துரு ஒட்டியது, பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

வாசித்துப் பார்த்தேன். மூன்றாவது கம்பியை வளைத்து விட்டேன். அதே சுதியில் வந்து நின்றது. ஆனால் இன்றைக்கும் பூ சுற்றித் தண்ணீர் தெளித்தால் தீர்ந்தது கதை.

அம்மா வாழையிலைப் பொட்டலத்தோடு உள்ளே வந்தாள்.

"அம்மா, இனிமே கிட்டார்ல பூ போடாதே. தண்ணியும் நாரும் இறங்கித்தான் கம்பி மாட்டிக்கிச்சு."

"நான் போட்ட பூவாலயா?"

"ஆமாம்மா."

பொட்டலத்திலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. அவள் கிட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப பூவை எங்கடி போடறது?"

யாசிர் தலையைக் குனிந்துகொண்டான். அம்மா உள்ளே போனாள். பீரோ கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சேலையைப் பிரித்துப் படத்தை எடுத்துவந்து யாசிரிடம் நீட்டினாள்.

"அந்தக் காலண்டரை எடுத்துட்டு இதை மாட்டு, யாசிர்."

மாட்டினான். படத்தில் ஜாஸ்பர் தலை வாராமல் சிரித்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு எட்டவில்லை. பொட்டலத்தைப் பிரித்துப் புதுச் சரத்தை என் கையில் கொடுத்தாள். நாற்காலியில் ஏறிப் போட்டேன்.

"செத்துட்டான்டி, ஜொவி" என்றாள் அம்மா.

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது.